முட்டை நாற்றம் அடித்த வெள்ளி ரூபாய்

ஒரு காட்டில் செல்போன் கோபுரம் நட்ட மறுவாரமே எல்லா மிருகங்களுக்கும் பழைய காசின்மேல் திடீர்ப் பாசம் பிறந்தது. சிங்கம் ராஜாவாக இருந்தது, நரி மந்திரியாக இருந்தது என்றெல்லாம் நான் ஆரம்பிக்கப்போவதில்லை. சிங்கம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது நாள் முழுக்கக் கைபேசியில் வீடியோ பார்த்துக்கொண்டு கிடந்தது. நரிக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை. எல்லாக் கதையிலும் அதையே திருடனாக்கி எனக்கு அலுத்துவிட்டது.

பாசம் பிறந்ததற்குக் காரணம் ஒரு வீடியோதான். 'இந்த ஒரு ரூபாய் உங்க வீட்டில இருக்கா? அப்ப அடுத்த கோடீஸ்வரர் நீங்கதான்' என்று ஒரு மனிதன் கண்ணை உருட்டிக்கொண்டு பேசியது காடெல்லாம் பரவிவிட்டது. அந்தக் காட்டின் நடுவே ஓர் ஓடை உண்டு. மேலே மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் பல காலமாக அதில் காசு வீசி வேண்டிக்கொள்வார்கள். அதுவரை அந்தக் காசை ஒரு நண்டுகூட எட்டிப் பார்த்ததில்லை. வீடியோ வந்த அன்று மாலைக்குள் ஓடையில் தண்ணீரைவிட மிருகங்கள் அதிகமாகிவிட்டன.

நாலு பேருக்கு ஒரே பைத்தியம் பிடித்தால் அடுத்து என்ன நடக்கும்? சங்கம் வைப்பார்கள். வைத்தார்கள். சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆளுக்கொரு பதவி பிரித்த பிறகு, காசு அசலா போலியா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். அந்தப் பதவி முள்ளம்பன்றி மாசிலாமணிக்குப் போனது. அதன் தகுதி இதுதான்: ஒரு பக்தர் தவறவிட்ட பூதக்கண்ணாடி அதனிடம் இருந்தது. காட்டில் வேறு யாரிடமும் பூதக்கண்ணாடி இல்லை.

ஆனால் பதவி வந்ததும் ஆள் மாறிவிட்டது. மாசிலாமணி காசைக் கையில் வாங்கும், கண்ணாடியை வைக்கும், மூன்று தடவை 'ம்' கொட்டும். மூன்றாவது 'ம்'முக்கு எதிரில் நிற்கிற யானைக்கே வியர்த்துவிடும். அது நடந்துபோனால் முள் சலசலக்கும். சத்தம் கேட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அந்த எழுந்து நிற்பதில் மாசிலாமணி ருசி கண்டுவிட்டது. பாவம், எல்லா ருசியையும்விடப் பொல்லாத ருசி அதுதான்.

புரட்டாசியில் ஒருநாள் மாசிலாமணி கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளி ரூபாயைப் பார்த்தது. ராணி தலை போட்ட ரூபாய். சாதாரணமாகப் பழைய வெள்ளி கறுத்துப்போய்க் கிடக்கும். அபூர்வமாகச் சில காசுகளுக்கு மட்டும் காற்றும் காலமும் பட்டுப்பட்டு மேலே ஒரு நிறப் படலம் படரும். அதற்குச் சேகரிப்பாளர்கள் டோனிங் என்று பெயர் வைத்து, விலையைப் பத்து மடங்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். இந்த ராணிக்கோ கன்னத்தில் மஞ்சள், கொண்டையில் நீலம், கழுத்தில் ரோஸ். திருவிழாவுக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தாள். விலை நூற்றிருபது வள்ளிக்கிழங்கு. விற்பது 'மிருதுளா பழங்காசகம்'. உரிமையாளர் புள்ளிமான் மிருதுளா.

மாசிலாமணி அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மூங்கில் புதர்ப் பக்கம் வந்தது. வாங்கும் முன்னால் நாலு பேரிடம் காட்டிப் பொறாமைப்பட வைக்க வேண்டாமா? அங்கே பச்சோந்தி துரைப்பாண்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதுவும் சங்கத்து உறுப்பினர்தான். பதவி எதுவும் இல்லாத உறுப்பினர்.

துரைப்பாண்டி ஒரு கண்ணைக் கைபேசியிலும் இன்னொரு கண்ணை மாசிலாமணி முகத்திலும் வைத்துப் பார்த்தது.

"அண்ணே, வாங்காதீங்க," என்றது.

"ஏன்?"

"இது தானா வந்த நிறம் இல்லை. ஏத்தின நிறம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளியில நிறம் வரிசையாத்தான்ணே வரும். முதல்ல வைக்கோல் மஞ்சள், அப்புறம் செம்பு, அப்புறம் ஊதா, அதுக்கப்புறம்தான் நீலம். ஒண்ணுலேருந்து ஒண்ணு மெதுவா நழுவும். இங்க மஞ்சளுக்குப் பக்கத்துலயே நீலம் உட்கார்ந்திருக்கு. நடுவுல வர வேண்டியவங்க எங்க போனாங்க?"

மாசிலாமணி 'ம்' கொட்டியது.

"அப்புறம், காசுக்கு அடியில ஒரு தேக்கிலை வச்சுப் படம் எடுத்திருக்காங்க பாருங்க. தேக்கிலை என்னைக்குண்ணே கிளிப்பச்சையா இருந்திருக்கு? படத்துலயே சாயத்தைக் கூட்டி வச்சிருக்காங்க. இன்னும் கீழ போங்க. இதே கடையில பன்னெண்டு ராணி. பன்னெண்டும் வேற வேற வருஷம். பன்னெண்டுக்கும் அதே இடத்துல அதே நீலம். பன்னெண்டு பேரும் ஒரே டெய்லர்கிட்ட சட்டை தைச்சாங்களா?"

"படத்துல அப்படித் தெரியும்ப்பா."

"அப்ப ஒரு வீடியோ கேளுங்க. வெயில்ல வச்சு மெதுவாத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க. அசலா இருந்தா வெளிச்சம் நிறத்துக்கு அடியில உருண்டு ஓடும். ஏத்தினதா இருந்தா நிறம் மேல பூசின மாதிரி செத்துப்போய்க் கிடக்கும்."

இவ்வளவையும் கேட்ட பிறகு புத்தியுள்ள யாரும் வாங்கமாட்டார்கள். ஆனால் மாசிலாமணிக்குக் காதில் விழுந்தது வேறு. பரிசோதகரான தனக்கு ஒரு சாதாரண உறுப்பினர் பாடம் எடுக்கிறது என்பதுதான் விழுந்தது.

"நேத்து சாயங்காலம் நீ என்ன நிறத்துல இருந்தே?" என்று கேட்டது.

"பச்சைண்ணே."

"இப்ப?"

"காய்ஞ்ச மூங்கில் நிறம்."

"நீ எனக்கு நிறத்தைப் பத்திச் சொல்லித் தர்றியா? போடா!"

மூங்கிலில் இருந்த குருவிகள் எல்லாம் சிரித்தன. துரைப்பாண்டி வெயில் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தது. எனக்கு அதை ரொம்ப நாளாகத் தெரியும். அதன் தோல்தான் மாறும்; சொன்ன சொல்லை மாற்றி ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஆனால் பச்சோந்தி என்ற பெயரை வைத்துக்கொண்டு காட்டில் உண்மை பேசுவது சாமானிய வேலை இல்லை.

இருந்தாலும் மாசிலாமணிக்கு உள்ளுக்குள் ஓர் உறுத்தல். மானுக்குச் செய்தி அனுப்பியது.

'நிறம் இயற்கையானதா?'

ஒரு நிமிடத்தில் மிருதுளாவின் சுயபடம் ஒன்று வந்தது. பெரிய பெரிய கண்கள், ஓரத்தில் லேசான ஈரம். கீழே ஒரே வரி: 'சார், இந்தக் கண்ணைப் பார்த்துட்டுக் கேளுங்க.'

'வெயிலில் திருப்பி ஒரு வீடியோ கிடைக்குமா?'

'நெட் ரொம்ப ஸ்லோ சார். இன்னும் மூணு பேர் கேட்டுட்டே இருக்காங்க. நீங்க பரிசோதகராச்சேன்னு உங்களுக்காக எடுத்து வச்சிருக்கேன்.'

'உங்களுக்காக' என்ற அந்த ஒரு சொல்லுக்கு இதுவரை எத்தனை கிழங்கு, எத்தனை தேன், எத்தனை சொத்து போயிருக்கிறது என்று யாராவது கூட்டிப் பார்த்தால் நல்லது. மாசிலாமணி வீட்டுக்குப் பின்னால் இருந்த குழிக்குப் போனது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காக மனைவி கோமளவல்லியும் அதுவும் மூன்று மாதம் தோண்டிச் சேர்த்த வள்ளிக்கிழங்கு அங்கே இருந்தது. மழை பிடித்துவிட்டால் அந்தக் காட்டில் வாரக்கணக்கில் வெளியே தலைகாட்ட முடியாது. வீட்டில் மூன்று குட்டிகள். எண்ணிப் பார்த்தது. சரியாக நூற்று இருபத்துமூன்று இருந்தது. மூன்றை விட்டுவிட்டு மிச்சத்தை அனுப்பிவிட்டது. மனைவியிடம் சொல்லவில்லை. சொல்கிற ஜாதியாக இருந்தால் வாங்கியிருக்கவே மாட்டார்கள்.

நாலாம் நாள் கூரியர் காகம் பொட்டலத்தைக் கொண்டுவந்து ஓடிபி கேட்டது. மாசிலாமணி ஓடிபி சொல்லிவிட்டு, சந்தனம் தொட்டு வைத்து, குட்டிகளைக் கைதட்டச் சொல்லிப் பொட்டலத்தைப் பிரித்தது. ராணி வெளியே வந்தாள். கூடவே ஒரு வாடையும் வந்தது.

"என்னங்க இது, முட்டை வாடை அடிக்குது," என்றது கோமளவல்லி.

"பழசுன்னா ஒரு வாசனை இருக்கும் கோமளா. உனக்கு அதெல்லாம் புரியாது."

"எனக்கு முட்டை தெரியாதா? அவிச்ச முட்டையை உரிச்சு டப்பாவுல போட்டு மூடி, ரெண்டு நாள் கழிச்சுத் திறந்தா இந்த வாடைதான் அடிக்கும்." கோமளவல்லி காசையும் கண்ணாடியையும் பிடுங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனது. "ஏங்க, இங்க வாங்க. இந்தக் கோடெல்லாம் தெரியுதா?"

தெரிந்தது. ராணியின் கன்னத்தில் மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே பக்கமாக.

"இது புளிக் கோடு. பக்தர்கள் விட்டுட்டுப் போன குத்துவிளக்கை வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் எப்படித் தேய்ப்பேன்? புளியும் மண்ணும் போட்டு ஒரே பக்கமா இழுப்பேன். அதே கோடு. முதல்ல காசைப் பளபளன்னு தேய்ச்சிருக்காங்க. இப்பப் பாருங்க, அந்தக் கோட்டுக்குள்ளயும் நீலம் இறங்கியிருக்கு. நூறு வருஷமாத் தானா வந்த நிறமா இருந்தா, தேய்ச்சப்பவே போயிருக்கும். தேய்ச்சதுக்கு அப்புறம் ஏத்தியிருக்காங்க. முட்டையோட சேர்த்து டப்பாவுல போட்டு மூடிட்டா போதும், அந்தப் புகை பட்டு வெள்ளி இப்படித்தான் ஆகும். என் வெள்ளிக் கரண்டி ஒண்ணு இப்படி ஆச்சு."

மாசிலாமணிக்கு முள் ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டது. சங்கத்தில் இரண்டு வருடமாகப் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்த அதற்குத் தெரியாதது, விளக்குத் தேய்க்கிற கோமளவல்லிக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"எவ்வளவு கொடுத்தீங்க?"

மாசிலாமணி பொட்டலத் தாளை மடிக்க ஆரம்பித்தது. கோமளவல்லி நேராகக் கிழங்குக் குழிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. கத்தும் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "மூணு குட்டிக்கும் மழைக்கு என்ன குடுக்கிறது?" என்று மட்டும் கேட்டது. கத்தியிருந்தால் மாசிலாமணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திருப்பி அனுப்ப வழி இருந்தது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒரு குரங்கு இருந்தது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று அரை மணி நேரம் பாடிவிட்டு, "படிவம் ஏழு கொண்டு வாங்க. அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் 'போலி'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கணும். மூணே நாள்ல கிழங்கு திரும்பி வந்துடும்," என்றது.

"பரிசோதகரே நான்தான்."

"ரொம்ப வசதியாப் போச்சு சார்."

அங்கேதான் வசதி இல்லை. படிவம் ஏழைப் போன வருடம் உருவாக்கியதே மாசிலாமணிதான். உறுப்பினர்கள் கண்டதையும் வாங்கி ஏமாந்துவிட்டுக் கையெழுத்துக்கு வந்து நின்றபோது, அதற்குக் கோபம் வந்து ஒரு விதி சேர்த்தது. 'போலி' என்று சான்று வாங்குகிறவரின் பெயர், அலுவலக வாசலில் 'ஏமாந்தோர் பட்டியல்' என்ற பலகையில் பதினைந்து நாள் தொங்கும். போன மாதம் ஒரு கரடியின் பெயர் தொங்கியது. பார்த்தவர்கள் சிரித்த சிரிப்பில் கரடி அடுத்த மலைக்கே குடிபோய்விட்டது. அந்தச் சிரிப்பில் முதல் சிரிப்பு மாசிலாமணியுடையது.

மறுநாள் காலை மாசிலாமணி படிவத்தோடு அலுவலகத்துக்குப் போனது. கோமளவல்லியும் கூடவே வந்தது. எழுத்தர் ஆமை டோக்கன் கிழித்துக் கொடுத்து, "பரிசோதகர் சீட்ல இல்லை. வெயிட் பண்ணுங்க," என்றது.

"யோவ், நான்தான்யா பரிசோதகர்."

"அது கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் சார். இந்தப் பக்கம் நின்னா நீங்க விண்ணப்பதாரர்."

மாசிலாமணி கவுண்ட்டரைச் சுற்றிப்போய் உட்கார்ந்தது. ஆமை டோக்கன் எண்ணைக் கூப்பிட்டது. யாரும் வரவில்லை. ஆமை, "விண்ணப்பதாரர் ஆப்சென்ட்," என்று எழுதப் போனது. மாசிலாமணி பதறி எழுந்து வெளியே ஓடி வந்து, "இருக்கேன்!" என்றது. "இப்ப பரிசோதகர் சீட்ல இல்லையே சார்," என்றது ஆமை. இப்படி மூன்று நடை நடந்த பிறகு, படிவத்தையும் காசையும் கவுண்ட்டரில் வைத்துவிட்டு உள்ளே போகலாம், விண்ணப்பதாரர் சார்பில் மனைவி நிற்கலாம் என்று ஆமையே ஒரு சலுகை கொடுத்தது. சட்டத்தை வளைக்கத் தெரிந்த ஆமை.

படிவத்தில் இரண்டு கட்டம். ஒன்று அசல், ஒன்று போலி. மாசிலாமணி பேனாவைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்த்தது. கரடியின் பெயர் இருந்த இடம் காலியாக இருந்தது. வரிசையில் முயல், கீரி, மந்தி என்று பத்துப் பேர் நின்றார்கள். முள் சலசலத்தபோது எழுந்து நின்றவர்கள்தான் எல்லாரும்.

"போலின்னு டிக் போடுங்க," என்றது கோமளவல்லி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"என் பேரு என்ன ஆகும் கோமளா?"

"பேரை வேகவச்சுத் திங்க முடியுமா?"

"நாளைக்கு எவன் என்கிட்ட வருவான்? பரிசோதகரே ஏமாந்துட்டான்னு..."

"ஏமாந்தது நிஜம்தானே?"

மாசிலாமணிக்கு அழுகை வந்தது. குட்டிகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. கரடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனதும் வந்தது. ஒரு நிமிடம் பேனா போலிக் கட்டத்தின்மேல்தான் நின்றது. நான் பொய் சொல்லவில்லை, நின்றது. அப்போது பார்த்து வரிசையில் இருந்த முயல், "ஐயாவே வாங்கியிருக்காரு, எவ்வளவு அழகான காசு!" என்று பக்கத்தில் இருந்த கீரியிடம் சொல்லித் தொலைத்தது. மாசிலாமணி மூன்று தடவை 'ம்' கொட்டி, 'அசல்' என்று டிக் போட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தியது.

கோமளவல்லி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டது.

மழை பிடித்துக்கொண்டது. முதல் வாரம் மூன்று கிழங்கு தீர்ந்தது. அடுத்த வாரம் குட்டிகள் மூங்கில் வேரை மென்றன. கடைக்குட்டி ஒன்று தூக்கத்தில் வாயை அசைத்துக்கொண்டே இருக்கும். மாசிலாமணி அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அந்தப் பதினாறு நாளும் கோமளவல்லி அதனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினேழாம் நாள் மழை விட்டது. வெளியே வந்து பார்த்தால் வாசலில் வரிசை. விஷயம் இதுதான். சான்றிதழ் அலுவலகத்திலிருந்து சேவைக் குரங்குக்குப் போய், அங்கிருந்து மிருதுளாவுக்குப் போயிருந்தது. மிருதுளா அதைப் பெரிதாக்கித் தன் பக்கத்தில் போட்டிருந்தது: 'பரிசோதகர் மாசிலாமணி அவர்களே வாங்கியது! அவரே சான்றளித்தது!' மழை நாட்களில் செய்ய வேலை இல்லாத காடு முழுக்க ஆளுக்கொரு ராணியை வாங்கிவிட்டது. வாங்கியவர்களுக்கெல்லாம் சான்றிதழ் வேண்டும். சான்றுக்குக் கட்டணம் இரண்டு கிழங்கு.

மாசிலாமணி என்ன செய்யும்? தன் காசும் அந்தக் காசும் ஒரே டப்பாவில் பிறந்தவை. அது அசல் என்றால் இதுவும் அசல். குத்தியது. குத்திக்கொண்டே இருந்தது. முயல், தன் வீட்டு மழைக்காலக் கிழங்கு மொத்தத்தையும் கொடுத்து வாங்கியதாகச் சொல்லி, "நல்ல காசுதானே ஐயா? ஏழு குட்டி இருக்கு," என்றது. மாசிலாமணி ஒரு கணம் வாயைத் திறந்தது. பிறகு, "அசல். ரெண்டு கிழங்கு," என்றது. முயல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனது. அன்று முழுக்க மாசிலாமணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

அதே வாரத்தில் துரைப்பாண்டி ஒரு காசோடு வந்தது. ஓடையில் வேர்களுக்கு அடியிலிருந்து தானே எடுத்த வெள்ளி ரூபாய். ஓரத்தில் வைக்கோல் மஞ்சள், உள்ளே போகப்போகச் செம்பு, நடுவில் ஊதா நிழல் மட்டும். திருப்பினால் வெளிச்சம் நிறத்துக்கு அடியில் உருண்டு ஓடியது. வரிசையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு, "என்னடா இது, அழுக்கா இருக்கு?" என்றார்கள். இந்தக் காசு அசல் என்றால் மற்ற எல்லாம் என்ன என்ற கேள்வி மாசிலாமணியின் எதிரில் வந்து நின்றது. அது கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

"போலி. நிறம் போதாது."

"அண்ணே, நீங்க தெரிஞ்சேதான் எழுதுறீங்க," என்றது துரைப்பாண்டி மெதுவாக.

"அடுத்து!"

ஏமாந்தோர் பட்டியலில் துரைப்பாண்டியின் பெயர் ஏறியது. விலைக்கே வாங்காத காசுக்கு ஏமாந்தவர் என்று ஒருவர் பெயரைத் தொங்கவிட்டது அந்தச் சங்கம் ஒன்றுதான். எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டு நாள் கழித்து யாரோ மூங்கில் புதருக்குத் தன்னைத் தேடி வந்ததைப் பார்த்து துரைப்பாண்டிக்கே ஆச்சரியம். வந்தது கோமளவல்லி. ஒரு விளாம்பழத்தை முன்னால் வைத்துவிட்டு, "தம்பி, அசல் நிறத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒண்ணு விடாமச் சொல்லுங்க," என்றது.

துரைப்பாண்டி மூங்கிலிலிருந்து இறங்கி எதிரில் வந்து உட்கார்ந்தது. பிறந்ததிலிருந்து அதனிடம் யாரும் எதையும் ஒன்று விடாமல் கேட்டதில்லை. எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம், ஓரத்திலிருந்து எப்படி உள்ளே வரும், எழுத்துகளின் இடுக்கில் எங்கே தங்கும், எங்கே தங்காது, வீடியோவில் எதைப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் சொன்னது. ஒரு மணி நேரம் சொன்னது. கோமளவல்லி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டது. இந்தக் காட்டுக்கு ஒரு விடிவு வந்துவிட்டது என்று துரைப்பாண்டி சந்தோஷத்தில் மூன்று தடவை நிறம் மாறியது.

கோமளவல்லி வீட்டுக்கு வந்து ஆறு முட்டையை அடுப்பில் ஏற்றியது.

மாசிலாமணி வாசலில் நின்று பார்த்தது. "என்ன கோமளா பண்றே?"

"முட்டை வீட்ல இருக்கு. புளி வீட்ல இருக்கு. கையெழுத்தும் வீட்ல இருக்கு. நடுவுல அந்த மான் எதுக்குங்க?"

இத்தனை நாளுக்குப் பிறகு மனைவி பேசிய முதல் வார்த்தைகள் அவை. மாசிலாமணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஓடிப்போய் விறகு எடுத்துவந்தது.

மான் செய்தது அவசர வேலை. கோமளவல்லி செய்தது பொறுமையான வேலை. ஓடையிலிருந்து எடுத்துவந்த வெள்ளிக் காசைத் தேய்க்கவில்லை, புளிக் கோடு விழக்கூடாது என்று. முட்டையைக் காசிலிருந்து தள்ளி வைத்து, டப்பாவை நாளுக்கு நாலு தடவை திறந்து மூடி, மஞ்சள் வந்து, செம்பு வந்து, ஊதா எட்டிப் பார்த்ததும் எடுத்துவிட்டது. படத்தில் சாயம் கூட்டவில்லை. வெயிலில் திருப்பித் திருப்பி வீடியோ எடுத்தது. 'கோமளா அசல் காசகம்' என்று பக்கம் திறந்தது. துரைப்பாண்டி சொன்ன ஒரு குறிப்பும் வீணாகவில்லை.

முதல் காசை வாங்கியது யார் தெரியுமா? மிருதுளா. அதன் வீட்டில் அதற்குள் கிழங்கு கூரையைத் தொட்டிருந்தது. மான் கிழங்கு தின்னாது. ஆனால் குவிந்துவிட்டால் எதையாவது வாங்கத்தானே வேண்டும்? நாள் முழுக்க முட்டை உரிக்கிறவர்களுக்கும் வீட்டில் ஓர் அசல் இருக்க வேண்டும் என்ற ஆசை வரும். கோமளவல்லியின் வீடியோவை ஏழு தடவை பார்த்தது. நிறத்தின் வரிசையைப் பார்த்தது. கோடு இல்லை என்று பார்த்தது. நானூறு கிழங்கு அனுப்பியது.

பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கு சொல்லிவிட்டது. பிறகு கண்ணும் பார்த்தது. ராணியின் தாடைக்கடியில் கடுகளவு மஞ்சள் கரு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

மான் படிவம் ஏழை நிரப்பிக்கொண்டு அலுவலகத்துக்குப் பாய்ந்தது. டோக்கன் வாங்கி, முறை வந்ததும் கவுண்ட்டரில் காசை வைத்தது. பின்னால் வரிசையில் முயல், கீரி, மந்தி எல்லாம் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் மிருதுளா விற்ற ராணி.

மாசிலாமணி காசை எடுத்தது. தன் மனைவி செய்த காசைத் தன் கண்ணாடியில் பார்த்தது. 'ம்' என்றது. 'ம்' என்றது. மூன்றாவது 'ம்'முக்குள் மான் பொறுக்க முடியாமல் பேசிவிட்டது.

"சார், இது போலி."

"எதை வச்சுச் சொல்றீங்கம்மா?"

"முட்டை வாடை அடிக்குது சார்!"

"முட்டைக்கும் காசுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

முயல் தன் காசை மூக்குப் பக்கம் கொண்டுபோய்விட்டுச் சும்மா நின்றது. கீரி காதைத் தூக்கிக்கொண்டது. மிருதுளா மாசிலாமணியைப் பார்த்தது, வரிசையைப் பார்த்தது, மறுபடி மாசிலாமணியைப் பார்த்தது. சம்பந்தத்தை அந்தக் காட்டிலேயே அதைவிட நன்றாக விளக்கக்கூடியவர் யாரும் இல்லை. அந்தப் பெரிய கண்களில் நீர் நிறைந்தது. இந்தத் தடவை அது நிஜக் கண்ணீர்.

"ஒரு சம்பந்தமும் இல்லை சார்," என்றது.

"அப்ப?"

"அசல்தான் சார்."

மாசிலாமணி முத்திரை குத்தியது. "ரெண்டு கிழங்கு," என்றது ஆமை.

மான் திருந்திவிட்டது, காசையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டது, காடு சுபிட்சமாக வாழ்ந்தது என்று எழுதச் சொல்லி உங்களுக்கு ஆசையாக இருக்கும். எனக்கும் ஆசைதான். ஆனால் மிருதுளா அலுவலகத்திலிருந்து நேராக மாசிலாமணி வீட்டுக் கொல்லைப்புறம் போனது. கோமளவல்லி முட்டை உரித்துக்கொண்டிருந்தது. மான் சட்டிக்குள் எட்டிப் பார்த்தது.

"கோடே விழாம எப்படிக்கா பண்ணினீங்க?" என்று கேட்டது மான்.

கோமளவல்லி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. "உட்காரும்மா. அந்தச் சட்டியை இப்படித் தள்ளு."

நீதி: காசு போலி என்று வாங்கும் முன்னால் தெரிந்தால் நீங்கள் புத்திசாலி, வாங்கிய பின்னால் தெரிந்தால் நீங்கள் வியாபாரி.